ஒன்ராறியோவில் சட்டபூர்வக் கஞ்சா வாங்கும்போது நீங்கள் செலுத்தும் வரிகளும் கட்டணங்களும்: படிப்படியான முழு வழிகாட்டி

ஸ்காபரோவில் வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் தொழில். மார்ச் பிறந்துவிட்டால் என் மேசைக்கு முன்னால் பற்றுச்சீட்டுக் கட்டுகளோடு ஆட்கள் வந்து அமரத் தொடங்குவார்கள். ஒரு முறை, மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன ஒரு பெரியவர், சப்பாத்துப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே ஓராண்டுக்குரிய கஞ்சாக் கடைப் பற்றுச்சீட்டுகள் மாதவாரியாக ரப்பர் வளையம் போட்டு அடுக்கப்பட்டிருந்தன. “தம்பி, இதிலை நான் எவ்வளவு வரி கட்டியிருக்கிறன் எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லும். மருத்துவச் செலவெண்டு போடலாமோ?” என்று கேட்டார்.

அவருடைய இரண்டு கேள்விகளுக்கும் அந்தச் சீட்டுகளில் விடை இருக்கவில்லை. அவற்றில் அச்சாகியிருந்தது 13 வீத விற்பனை வரி மட்டுமே. அவர் செலுத்திய பெரிய வரி, அதாவது உற்பத்தியாளரிடம் வாங்கப்படும் கலால் வரி, அவர் கடைக்குள் கால் வைப்பதற்கு வெகு முன்னரே பக்கற்றின் விலைக்குள் கலந்துவிட்டது. மருத்துவச் செலவைப் பற்றிய கேள்விக்கு நான் சொன்ன பதில் அவருக்கு இன்னும் கசப்பாக இருந்தது. அதை இந்த வழிகாட்டியின் கடைசிப் படியில் விரிவாகச் சொல்கிறேன். அவரைப் போன்றவர்கள் அடுத்த முறை பணம் கொடுக்கும் முன்னரே கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்க முடியவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கஞ்சாவைப் பயன்படுத்தும்படி யாரையும் தூண்டுவது என் எண்ணமன்று. வாங்குவது என்று முடிவு செய்த, 19 வயது நிறைந்த ஒருவர், தம் பணம் எங்கே போகிறது என்பதை அறிந்து வாங்கவேண்டும் என்பதே என் அக்கறை.

முதற்படி: கடையையும் பக்கற்றையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்

கனடாவில் கஞ்சாச் சட்டம் 2018 ஒக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் ஒன்ராறியோவில் சட்டபூர்வமாக வாங்கக்கூடிய ஒரே இடமாக, மாகாண அரசுக்குச் சொந்தமான ஒன்ராறியோ கன்னாபிஸ் ஸ்டோர் என்னும் இணையக் கடை இருந்தது. நேரில் சென்று வாங்கும் தனியார் கடைகள் 2019 ஏப்ரல் 1 முதல் திறக்கப்பட்டன. இந்தத் தனியார் கடைகளுக்கு உரிமம் வழங்குவது மாகாணத்தின் மதுபான, விளையாட்டுச் சூதாட்ட ஆணையம். உரிமம் பெற்ற கடையின் வாசலில் ஆணையத்தின் அதிகாரபூர்வ அடையாளச் சின்னம் ஒட்டப்பட்டிருக்கும். அதை முதலில் பாருங்கள்.

அடுத்ததாகப் பக்கற்றைத் திருப்பிப் பாருங்கள். மூடியின் மேலோ பக்கற்றின் வாய்ப் பகுதியிலோ, பிரித்தால் கிழியும்படி ஒரு சிறிய முத்திரைத்தாள் ஒட்டப்பட்டிருக்கும். அதுதான் கலால் முத்திரை. மாகாணத்துக்கு மாகாணம் அதன் நிறம் வேறுபடும். எந்த மாகாணத்தில் விற்பதற்காக வரி கட்டப்பட்டது என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். நீங்கள் கண்ணால் காண முடியாத அந்தப் பெரிய வரிக்குக் கண்ணால் காணக்கூடிய ஒரே சாட்சி இந்த முத்திரைதான். முத்திரை இல்லாத பக்கற்றை யாராவது “வரி இல்லாத விலை” என்று சொல்லி விற்றால், அது சட்டத்துக்குப் புறம்பான சரக்கு என்றே கொள்ளுங்கள். அதன் தூய்மையைச் சோதித்தவரும் இல்லை, பழுது கண்டால் பொறுப்பேற்பவரும் இல்லை.

இரண்டாம் படி: பற்றுச்சீட்டில் தெரியும் வரியைப் பிரித்தறியுங்கள்

ஒன்ராறியோவில் கஞ்சாவுக்கும் ஏனைய பெரும்பாலான பொருட்களுக்கு உள்ளது போன்ற 13 வீத ஒருங்கிணைந்த விற்பனை வரிதான், அதாவது எச்.எஸ்.ரி. இதில் 5 வீதம் மத்திய அரசின் பங்கு, 8 வீதம் மாகாணத்தின் பங்கு. கடுதாசி, குழாய், அரைக்கும் சிறு கருவி போன்ற துணைப் பொருட்களுக்கும் இதே 13 வீதம் உண்டு. ஆனால் அவற்றில் கஞ்சா இல்லாததால் கலால் வரி அவற்றைத் தொடாது.

இங்கே கவனிக்கவேண்டியது, தட்டில் எழுதியிருக்கும் விலை வரிக்கு முந்தியதா, வரி சேர்ந்ததா என்பதுதான். மாகாண இணையக் கடையில் வரிக்கு முந்திய விலையே காட்டப்படும். சில தனியார் கடைகள் வரியையும் சேர்த்து ஒரே விலையாக எழுதுகின்றன. இரண்டு கடைகளின் விலைகளை ஒப்பிடும்போது பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வரி சேர்ந்த விலையை 1.13 ஆல் வகுத்தால் வரிக்கு முந்திய விலை கிடைக்கும். 56.50 டொலர் என்று எழுதியிருந்தால் அதன் உண்மையான விலை 50 டொலர், மீதி 6.50 டொலர் எச்.எஸ்.ரி. 13 வீதத்தைக் கழித்துவிடலாம் என்று நினைத்து 56.50 இல் 13 வீதம் கண்டு கழிப்பவர்களுக்குத் தவறான விடையே வரும்.

மூன்றாம் படி: விலைக்குள் கரைந்திருக்கும் கலால் வரியைக் கணக்கிடுங்கள்

இந்தப் படியில் சற்று நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். முழு விடயத்தின் உயிர்நாடி இதுதான்.

கஞ்சாவைப் பக்கற்றில் அடைக்கும் உரிமம் பெற்ற நிறுவனம், சரக்கைக் கொள்வனவாளருக்கு, அதாவது பெரும்பாலும் மாகாண மொத்த விற்பனை நிறுவனத்துக்கு, ஒப்படைக்கும்போது மத்திய அரசுக்குக் கலால் வரி கட்டவேண்டும். உலர்ந்த பூவுக்கு அது இரண்டு வழிகளில் கணக்கிடப்படுகிறது: ஒரு கிராமுக்கு 1 டொலர் என்பது ஒரு வழி, உற்பத்தியாளர் விற்கும் விலையில் 10 வீதம் என்பது மற்றையது. இரண்டில் எது அதிகமோ அதையே கட்டவேண்டும். அந்த 1 டொலரில் 25 சதம் மத்திய அரசுக்கும் 75 சதம் மாகாணத்துக்கும் போகிறது. இந்தப் பங்கீட்டை மத்திய அரசும் மாகாணங்களும் 2017 டிசம்பரில் பேசி முடிவு செய்தன. பூ அல்லாத இலை, தண்டு போன்ற பகுதிகளுக்குக் கிராமுக்கு 30 சதம். விதைக்கு ஒன்றுக்கு 1 டொலர் அல்லது 10 வீதம். வீட்டில் நான்கு செடிகள் வரை வளர்க்க ஒன்ராறியோவில் அனுமதி உண்டு. விதை வாங்கும்போது இந்த வரி விலையில் அடங்கிவிடும். பிறகு உங்கள் செடியில் விளைவதற்குக் கலால் வரி இல்லை.

ஒரு கிராமின் விலை 10 டொலராக இருக்கும் உலகத்தில் 1 டொலரும் 10 வீதமும் ஒன்றே. சட்டம் வகுக்கப்பட்ட காலத்தில் அந்த விலை நம்பக்கூடியதாகவே இருந்தது. பின்னர் உற்பத்தி பெருகி விலை கீழே வந்தது. வரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. உற்பத்தியாளரின் விலை கிராமுக்கு 10 டொலரைத் தாண்டினால்தான் 10 வீதக் கணக்கு மேலோங்கும். இன்று கடைத்தட்டில் இருக்கும் பூவில் பெரும்பகுதி அந்த விலைக்கு அருகில்கூட வருவதில்லை. ஆகவே நீங்கள் நடைமுறையில் பயன்படுத்தக்கூடிய விதி எளிமையானது: பக்கற்றில் எத்தனை கிராம் பூ இருக்கிறதோ அத்தனை டொலர் கலால் வரி. சுருட்டித் தயாராக விற்கும் பிரீ-ரோல்களுக்கும் இதே கணக்குத்தான், 0.35 கிராம் கொண்ட பத்துச் சுருள்கள் என்றால் 3.5 கிராம், ஆகவே 3.50 டொலர்.

இப்போது இரண்டு பக்கற்றுகளை மேசையில் வைத்துப் பார்ப்போம். விலைகள் கணக்கை விளக்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை; வரி வீதங்கள் உண்மையானவை.

முதலாவது, தரமுயர்ந்தது என்று விற்கப்படும் 3.5 கிராம் சாடி. தட்டு விலை 40 டொலர். கலால் வரி 3.50 டொலர், எச்.எஸ்.ரி 5.20 டொலர். கையிலிருந்து போகும் மொத்தம் 45.20 டொலர், அதில் இந்த இரண்டு வரிகளும் சேர்ந்து 8.70 டொலர். ஏறத்தாழ 19 வீதம்.

இரண்டாவது, கைச்செலவைக் கட்டுப்படுத்த விரும்புபவர் வாங்கும் 28 கிராம் பை; தட்டு விலை 90 டொலர். கலால் வரி 28 டொலர், எச்.எஸ்.ரி 11.70 டொலர். மொத்தம் 101.70 டொலர், அதில் வரிகள் 39.70 டொலர். ஏறத்தாழ 39 வீதம்.

மலிவான பொருளை வாங்குபவர், விலை உயர்ந்ததை வாங்குபவரைப் போல இரண்டு மடங்கு வீதத்தில் வரி கட்டுகிறார். நிறையைப் பார்த்து விதிக்கும் வரி விலையைப் பார்ப்பதில்லை. அதனால் சுமை முழுவதும் விலை குறைந்த பக்கற்றின் மேல் இறங்குகிறது. சப்பாத்துப் பெட்டியோடு வந்த பெரியவர் ஓய்வூதியத்தில் வாழ்பவர். அவர் வாங்கியவை பெரும்பாலும் அந்த 28 கிராம் பைகளே. அந்தக் கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டியபோது எனக்கே மனம் பொறுக்கவில்லை. இந்த முறை நியாயமற்றது என்பதே என் முடிவு. சட்டத்தை மீளாய்வு செய்ய நியமிக்கப்பட்ட, மொரிஸ் ரோசன்பேர்க் தலைமையிலான நிபுணர் குழுவும், 2024 மார்ச்சில் வெளியிட்ட இறுதி அறிக்கையில், கலால் வரி முறையை மீண்டும் பரிசீலிக்கும்படி கேட்டிருக்கிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 13 வீத எச்.எஸ்.ரி கணக்கிடப்படுவது கலால் வரியும் உள்ளடங்கிய விலையின் மீது. 28 கிராம் பையில் உள்ள 28 டொலர் கலால் வரியின் மேல் மட்டும் 3.64 டொலர் எச்.எஸ்.ரி விழுகிறது. வரியின் மேல் வரி என்று ஊரில் சொல்வார்களே, அது இதுதான்.

கடையில் கழிவு விலை என்று அறிவித்தாலும் கலால் வரி குறையாது. அது முன்னரே கட்டப்பட்டுவிட்டது. கழிவுக்குப் பிந்திய விலைக்கு எச்.எஸ்.ரி மட்டும் சற்றுக் குறையும். ஆகவே 90 டொலர்ப் பை 75 டொலருக்கு வந்தால், அதில் 28 டொலர் அப்படியே இருக்க, மீதியைத்தான் உற்பத்தியாளரும் மொத்த விற்பனையாளரும் கடைக்காரரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

நான்காம் படி: உண்பவை, எண்ணெய், வேப் ஆகியவற்றுக்கு லேபலை வாசியுங்கள்

உண்ணும் வகைகளும், எண்ணெய் போன்ற சாற்று வகைகளும், பூசும் வகைகளும் நிறையின்படி வரி விதிக்கப்படுபவை அல்ல. 2019 மே 1 முதல் இவற்றுக்கு, போதை தரும் வேதிப்பொருளான ரி.எச்.சி.யின் அளவே கணக்கு: ஒரு மில்லிகிராமுக்கு 1 சதம். இங்கே 10 வீதம் என்ற மாற்று வழி கிடையாது. லேபலில் “ரி.எச்.சி” என்று ஓர் எண்ணும் “மொத்த ரி.எச்.சி” என்று இன்னோர் எண்ணும் இருக்கும். சூடாக்கும்போது ரி.எச்.சி.யாக மாறக்கூடியதையும் சேர்த்த இரண்டாவது எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்மி மிட்டாய்ப் பக்கற் ஒன்றில் 10 மில்லிகிராமுக்கு மேல் ரி.எச்.சி இருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே அதன் கலால் வரி அதிகபட்சம் 10 சதம். 6 டொலர்ப் பக்கற் ஒன்றுக்கு 78 சதம் எச்.எஸ்.ரி.யையும் சேர்த்தால் 6.78 டொலரில் வரி 88 சதம்தான். ஏறத்தாழ 13 வீதம். கஞ்சா கலந்த பானத்துக்கும் இதே நிலை.

கஞ்சாச் சாற்றை ஆவியாக்கி உள்ளிழுப்பதற்கான குழலான வேப் கார்ட்ரிட்ஜின் கதை வேறு. ஒரு கிராம் கார்ட்ரிட்ஜின் லேபலில் கிராமுக்கு 850 மில்லிகிராம் மொத்த ரி.எச்.சி என்று இருந்தால், கலால் வரி 8.50 டொலர். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத அந்தக் குழலுக்கு, எட்டுக் கிராமுக்கு மேற்பட்ட பூவின் வரி. தட்டு விலை 32 டொலர் என்றால் எச்.எஸ்.ரி 4.16 டொலர், மொத்தம் 36.16 டொலரில் வரிகள் 12.66 டொலர், அதாவது 35 வீதம். அரைக் கிராம் கார்ட்ரிட்ஜுக்கு 425 மில்லிகிராம், ஆகவே 4.25 டொலர். லேபலில் கிராமுக்கு எவ்வளவு என்றுதான் எழுதியிருக்கும். கார்ட்ரிட்ஜில் எத்தனை கிராம் என்பதைக் கொண்டு பெருக்க மறவாதீர்கள்.

எண்ணெய்க் குப்பிகளில் மில்லிலீற்றருக்கு எவ்வளவு என்று குறிப்பிடுவார்கள். 30 மில்லிலீற்றர்க் குப்பியில் மில்லிலீற்றருக்கு 25 மில்லிகிராம் என்றால் மொத்தம் 750 மில்லிகிராம்; வரி 7.50 டொலர். சி.பி.டி என்பது கஞ்சாவில் உள்ள, போதை தராத இன்னொரு வேதிப்பொருள். மூட்டு வலிக்கு என்று பலர் தேடுகின்ற சி.பி.டி எண்ணெய்களில் ரி.எச்.சி மிகக் குறைவாக இருக்கும். ரி.எச்.சி 0.3 வீதத்துக்கு மேற்படாத தயாரிப்புகளுக்குக் கலால் வரியே இல்லை. அதிகமான சி.பி.டி இருந்தாலும் அதற்கு வரி கிடையாது. வரி துரத்துவது ரி.எச்.சி.யை மட்டும்தான்.

ஆக, பக்கற்றைக் கையில் எடுத்ததும் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: இது நிறைக்கு வரி கட்டிய பொருளா, ரி.எச்.சி.க்கு வரி கட்டிய பொருளா? அதைத் தெரிந்துகொண்டால் மீதிக் கணக்கைக் கைத்தொலைபேசியில் அரை நிமிடத்தில் போட்டுவிடலாம்.

ஐந்தாம் படி: ஒன்ராறியோவின் 3.9 வீதத்தையும் சேருங்கள்

மேலே போட்ட கணக்குகளில் ஒரு சிறு துண்டை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். விற்பனை வரி மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுவதால், அது குறைவாக உள்ள சில மாகாணங்கள் அந்த இடைவெளியை நிரப்ப, கலால் வரிக்குள்ளேயே ஒரு மேலதிக வீதத்தைச் சேர்த்துக்கொண்டன. ஒன்ராறியோவில் அது உற்பத்தியாளரின் விலையில் 3.9 வீதம். உற்பத்தியாளர் என்ன விலைக்கு விற்றார் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே இதை அண்ணளவாகத்தான் சொல்லமுடியும். 28 கிராம் பையை உற்பத்தியாளர் 45 டொலருக்கு விற்றார் என்று வைத்துக்கொண்டால் இது ஏறத்தாழ 1.76 டொலர். பெரிய தொகையன்று, ஆனாலும் பற்றுச்சீட்டில் தெரியாத இன்னொரு வரி.

கல்கரியிலோ எட்மன்டனிலோ உறவினர் இருந்தால், “எங்கள் இடத்தில் 5 வீதந்தான் வரி” என்று அவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்களுடைய பற்றுச்சீட்டில் மத்திய அரசின் விற்பனை வரியான 5 வீத ஜி.எஸ்.ரி மட்டும் இருப்பது உண்மைதான். அல்பேர்ட்டாவில் மாகாண விற்பனை வரி இல்லை. ஆனால் அங்கே இந்த மேலதிகக் கலால் வீதம் 16.8. வெளியில் எடுக்காததை உள்ளே எடுத்துக்கொள்கிறார்கள். சஸ்கச்சுவானில் அது 6.45 வீதம், நுனாவுட்டில் 19.3 வீதம். கியூபெக்கில் 5 வீத ஜி.எஸ்.ரி.யோடு 9.975 வீத மாகாண வரியும் உண்டு. அங்குள்ள அரசுக் கடை வரியைச் சேர்த்தே விலையை எழுதுவதால், மொன்றியலுக்குப் போய் வந்தவர் அங்குள்ள விலையையும் இங்குள்ள தட்டு விலையையும் அப்படியே ஒப்பிடக்கூடாது. நோவா ஸ்கோஷியாவில் எச்.எஸ்.ரி 15 வீதமாக இருந்து 2025 ஏப்ரல் 1 முதல் 14 வீதமாகக் குறைந்தது. ஒரு மாகாணத்தில் வாங்கியதை, பொது இடத்தில் வைத்திருக்கக்கூடிய 30 கிராம் எல்லைக்குள், இன்னொரு மாகாணத்துக்கு எடுத்துச் செல்லலாம். நாட்டு எல்லையை மட்டும் எந்தத் திசையிலும் தாண்டக்கூடாது. எல்லைக்கு மறுபக்கத்து அமெரிக்க மாநிலத்திலும் கஞ்சா சட்டபூர்வம் என்ற வாதம் அங்கே செல்லுபடியாகாது. விமான நிலையத்து வரியில்லாக் கடையிலும் இதை விற்பதில்லை.

ஆறாம் படி: வரி என்ற பெயர் இல்லாத கட்டணங்கள்

ஒன்ராறியோவில் எல்லாத் தனியார் கடைகளும் மாகாண மொத்த விற்பனை நிறுவனமான ஒன்ராறியோ கன்னாபிஸ் ஸ்டோரிடமிருந்துதான் சரக்கு வாங்கவேண்டும். அது கொள்வனவு விலைக்கு மேல் ஓர் இலாப வீதத்தை வைத்துக் கடைகளுக்கு விற்கிறது; அந்த இலாபம் மாகாண அரசிடம் போய்ச் சேருகிறது. சட்டத்தின் கண்ணில் அது வரியன்று. ஆனாலும் வேறு எவரிடமும் வாங்க வழியில்லாத இடத்தில் அரசு வைக்கும் இலாபத்தை, வாங்குபவர் வரிக்குப் பக்கத்தில் எழுதிவைப்பதே சரி என்று நான் கருதுகிறேன். இதைத் தவிர, மத்திய சுகாதார அமைச்சு பெரிய உற்பத்தியாளர்களிடம் வருவாயில் 2.3 வீதத்தை ஆண்டு ஒழுங்குமுறைக் கட்டணமாக வாங்குகிறது. அதுவும் சுற்றிச் சுற்றி விலைக்குள்தான் வந்து சேரும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கட்டணத்தை மட்டும் நீங்கள் நேராகவே பார்க்கலாம். தனியார் கடைகள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பதை ஒன்ராறியோ 2022 மார்ச்சில் நிரந்தரமாக அனுமதித்தது. அந்தக் கட்டணத்துக்கும் 13 வீத எச்.எஸ்.ரி உண்டு. அடுத்தடுத்துச் சிறு சிறு கட்டளைகள் அனுப்புவதைவிட மாதத்துக்கு ஒரு முறை சேர்த்து வாங்கினால் இந்தச் செலவு குறையும். கலால் வரியைக் குறைக்கும் வழி வாங்குபவர் கையில் இல்லை. இது ஒன்றுதான் உங்கள் கையில் உள்ளது. பணம் செலுத்துவதைப் பொறுத்தவரை, நாடு முழுவதும் சட்டபூர்வம் ஆகிவிட்டதால் கனடாவில் வங்கி அட்டையையோ கடனட்டையையோ வழமைபோலப் பயன்படுத்தலாம். மத்திய சட்டம் இன்னும் தடுக்கின்ற அமெரிக்காவில் பல கடைகள் காசு மட்டும் வாங்குவதால், அங்கே காசு இயந்திரக் கட்டணமும் சேர்ந்துகொள்கிறது.

ஏழாம் படி: மருத்துவத் தேவைக்கு வாங்குபவர்கள் கடை வாசலுக்குப் போகுமுன்

இனிப் பெரியவரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மருத்துவத் தேவைக்கான கஞ்சாவை வருமான வரிப் படிவத்தில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். ஆனால் அதற்கு ஒரே ஒரு பாதைதான் உண்டு. மருத்துவரோ உரிமை பெற்ற தாதிய நிபுணரோ மருத்துவ ஆவணம் ஒன்றை எழுதித் தரவேண்டும். அந்த ஆவணத்தோடு, மருத்துவ விற்பனைக்கென மத்திய அரசின் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றில் நீங்கள் பதிவு செய்துகொள்ளவேண்டும். அந்த நிறுவனத்திடமிருந்தே வாங்கவேண்டும். அது தபால் வழியாக வீட்டுக்கு வரும். தெருமுனைக் கடையில் வாங்கியது, அதே நோய்க்காக, அதே வகைப் பொருளாக இருந்தாலும், கணக்கில் சேராது. மருத்துவர் வாயால் “பாவித்துப் பாருங்கள்” என்று சொன்னதும் போதாது.

மருத்துவ வழியில் வாங்கினாலும் கலால் வரியும் எச்.எஸ்.ரி.யும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மருந்துக்கு வரியில்லை என்ற பொது நம்பிக்கை இங்கே பொருந்தாது. மருத்துவரின் மருந்துச் சீட்டால் மட்டும் பெறக்கூடியதும் மருந்து அடையாள எண் பெற்றதுமான தயாரிப்புகளுக்கும், மேலே சொன்ன 0.3 வீதத்துக்கு உட்பட்டவற்றுக்கும் மட்டுமே கலால் விலக்கு உண்டு. ஆயினும் சில மருத்துவ விற்பனை நிறுவனங்கள் கலால் வரியைத் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன; வருமானம் குறைந்தவர்களுக்கு விலைக்கழிவும் தருகின்றன. பதிவு செய்யுமுன் இந்த இரண்டையும் தொலைபேசியில் கேட்டு, பதிலை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் இதற்கான இடம் 33099 என்று இலக்கமிட்ட கட்டம். செலுத்திய தொகை முழுவதையும், அதில் அடங்கிய வரிகள் உட்பட, எழுதலாம். வரிச் சலுகை கிடைப்பது ஓர் எல்லைக்கு மேற்பட்ட தொகைக்குத்தான்: உங்கள் நிகர வருமானத்தில் 3 வீதம், அல்லது அந்த ஆண்டுக்கு அரசு நிர்ணயிக்கும் தொகை, இரண்டில் எது குறைவோ அது. 2024 வரி ஆண்டுக்கு அந்த நிர்ணயத் தொகை 2,759 டொலர். நிகர வருமானம் 40,000 டொலர் உள்ள ஒருவர் மாதம் 150 டொலர் வீதம் ஆண்டுக்கு 1,800 டொலர் செலவழித்தார் என்று கொள்வோம். 3 வீதம் என்பது 1,200 டொலர். மீதி 600 டொலருக்கு, 2024 இன் 15 வீத அடிப்படையில், மத்திய வரியில் 90 டொலர் குறையும். மாகாண வரியிலும் ஒரு சிறு தொகை குறையும். பல் வைத்தியம், மூக்குக்கண்ணாடி, ஏனைய மருந்துகள் ஆகிய செலவுகளையும் இதோடு சேர்க்கலாம் என்பதால், தனியே பார்க்கும்போது எல்லையைத் தாண்டாத செலவும் குடும்பச் செலவுகளோடு சேரும்போது தாண்டிவிடும். ஆண்டுக்குள் முடியும் எந்தப் பன்னிரண்டு மாதத்தையும் தெரிந்தெடுக்கலாம். அதிகச் செலவு எந்தப் பன்னிரண்டு மாதத்தில் விழுந்தது என்று பார்த்து எடுங்கள். இது வரியைக் குறைக்கும் சலுகை மட்டுமே. கட்டவேண்டிய வரி இல்லாதவருக்குப் பணமாகத் திரும்பி வராது.

பெரியவரிடம் அந்தச் சீட்டுகள் எதுவும் பயன்படாது என்று சொன்னபோது, அவர் ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு கட்டாக எடுத்து ரப்பர் வளையத்தைச் சரிசெய்து மீண்டும் பெட்டிக்குள் வைத்தார். அந்த மாதமே தம் குடும்ப மருத்துவரிடம் ஆவணம் கேட்கச் செய்தோம். அடுத்த ஆண்டு அவர் வந்தபோது பெட்டி இல்லை. மருத்துவ விற்பனை நிறுவனம் அனுப்பிய ஆண்டுக் கணக்கறிக்கை ஒரே ஒரு தாளாக அவர் சட்டைப் பையில் இருந்தது.